கால் தரையில் பட்டது

ஜனவரி 4, சனி

கேப்டன் தேவசகாயம் இன்று என்னைக் கூப்பிட்டு ஒரு பொறுப்பைக் கொடுத்தார். கப்பலில் முப்பது வருஷம் ஓடிவிட்டு வந்து எங்கள் பாய்மரப் படகு கிளப்புக்குச் செயலாளராக இருப்பவர். எதையும் உத்தரவாகத்தான் சொல்வார்.

“அமலி, மார்ச் எட்டு மகளிர் தினம். அன்னைக்கு நம்ம துறையில பெண்களுக்குன்னு ஒரு ரேஸ் நடத்தணும். குறைஞ்சது பத்து பேராவது பாய் பிடிக்கணும். ஜெயிக்கிற ஜோடியை ஏப்ரல்ல மெட்ராஸ் போட்டிக்கு அனுப்புவோம். ஆள் சேக்குறது, சொல்லிக் குடுக்குறது எல்லாம் உன் வேலை.”

தூத்துக்குடியில் இந்த கிளப் தொடங்கி இருபது வருஷம் ஆகிறது. பன்னிரண்டு வருஷமாக அதில் இருக்கும் ஒரே பெண் உறுப்பினர் நான். வரவேற்பறையில் என் படம் தொங்குகிறது. கீழே “முதல் பெண் மாலுமி” என்று எழுதியிருக்கும்.

பெண்களுக்கு உடைமாற்ற ஓர் அறை கட்டப்போவதாகவும் சொன்னார். இந்தப் பன்னிரண்டு வருஷமும் பாய் வைக்கும் அறையில் தாழ்ப்பாள் இல்லாத கதவைக் காலால் மிதித்துக்கொண்டுதான் உடை மாற்றினேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன். இப்போது இன்னும் வராதவர்களுக்காகக் கட்டுகிறார்கள். நல்லதுதான்.

வரும் வழியில் சங்கரா மீன் வாங்கினேன். குழம்பு வைத்தேன்.

ஜனவரி 6, திங்கள்

கோயில் வாசல், பெண்கள் கல்லூரி, காய்கறி மார்க்கெட் மூன்று இடத்திலும் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. நான்கு பேர் வந்தாலே பெரிய விஷயம்.

ஜனவரி 11, சனி

பதின்மூன்று பேர் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் எட்டு, அவர்களில் ஜெஃப்ரினா என்பவள் சுறுசுறுப்பு. பல் டாக்டர் ரிஸ்வானா, நாற்பது வயது, பயந்த முகம், ஆனால் பின்வாங்குகிற ஆள் இல்லை. மற்ற நான்கு பேரில் ஒருத்தி வங்கியில் வேலை பார்ப்பவள், மூன்று பேர் வீட்டுப் பெண்கள்.

பதினான்காவதாக ஒருத்தி. ஜெஃப்ரினாவையும் தோழிகளையும் இறக்கிவிட வந்த ஆட்டோவின் டிரைவர். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை. முப்பத்து மூன்று வயதிருக்கும். நான் விளக்கிக்கொண்டிருந்தபோது தூரத்தில் நின்று முழுவதையும் கேட்டாள். முடிந்ததும் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, நானும் ஏறலாமா?”

“நீச்சல் தெரியுமா?”

“தெரியாது. படிச்சுக்கிடுதேன்.”

பேர் சண்முகக்கனி. கனி என்று கூப்பிடச் சொன்னாள். வா என்று நான்தான் சொன்னேன். வேறு யாரும் இல்லை, நான்தான் சொன்னேன் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 18, சனி

முதல் நாள் படகு. காற்று மிதமான வாடை. கல்லூரிப் பிள்ளைகள் படகு சாய்ந்தபோதெல்லாம் அலறினார்கள். டாக்டர் ரிஸ்வானா சுக்கானைப் பல் பிடுங்குவதுபோலப் பிடித்தார்.

கனி முறை வந்தபோது நான் அவளோடு ஏறினேன். உட்கார்ந்ததும் முகத்தை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பினாள். பிறகு நான் சொல்லாமலே பாய்க்கயிற்றை ஒரு சாண் இளக்கினாள். படகு அப்படியே வழுக்கிக்கொண்டு போனது.

“யார் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்லக்கா. பதினஞ்சு வயசுல இருந்து எட்டு வருஷம் உப்பளத்துல கிடந்தேன். அங்கன காத்து எங்கன இருந்து வருதுன்னு தெரியாம வேலை பாக்க முடியாது. கன்னத்துல எந்தப் பக்கம் படுதுன்னு பாத்தாப் போதும்.”

அந்த ஒரு சாண் எனக்குக் கைவர இரண்டு வருஷம் ஆனது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சில சமயம் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் படியில் கேப்டன் பிடித்துக்கொண்டார். “அந்த ஆட்டோக்காரப் பொண்ணைப் பாத்தியா? கடவுள் குடுத்த கை!” பத்து நிமிஷம் அவளைப் பற்றியே பேசினார். பதினான்கு பேரில் ஒருத்தியை மட்டும் தூக்கிப் பேசுவது மற்றவர்கள் மனதைக் கெடுக்கும். அவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

ஜனவரி 25, சனி

உடைமாற்றும் அறை திறந்தாயிற்று. உள்ளே தாழ்ப்பாள், கண்ணாடி, துணி மாட்டப் பன்னிரண்டு கொக்கி. புது பெயின்ட் வாசம். எல்லோரும் கேப்டனுக்குக் கை தட்டினார்கள். கனி மட்டும் என்னிடம் வந்து, “நீங்க இத்தன வருசம் ஒத்தையா நின்னதாலதானக்கா இது வந்துச்சு” என்றாள். எப்படிப் பேசினால் எதிரில் இருப்பவர் குளிர்வார் என்பது ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

நான் மறந்த சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க ரோமால்ட் துறைக்கு வந்தார். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான் பாய் பிடிப்பதைப் பார்க்க ஒரு தடவையும் வந்ததில்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே கடலைப் பார்த்து நின்றார்.

“அந்த மஞ்சள் பாய் யாரு அமலி? என்னமா ஓட்டுதா!”

மஞ்சள் பாயில் கனி. அப்போது என் படகும் நீரில்தான் இருந்தது. அதை ரிஸ்வானாவிடம் கொடுத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. நான் ஓட்டியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

சாம்பாரில் உப்பு கூடிவிட்டது.

ஜனவரி 29, புதன்

அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனேன். கனி ஆட்டோவை நிறுத்தி, ஏறுங்கக்கா என்றாள். பஸ்தான் வசதி.

பிப்ரவரி 1, சனி

பயிற்சி ரேஸ். நான் ஒரு படகு, கனி ஒரு படகு, மிதவையைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். போகும்போது நான் முன்னால். திரும்பும்போது அவள் என்னைத் தாண்டிப் போனாள். என் பாய் நான்கு வருஷப் பழையது, துணி தொய்ந்துவிட்டது. அவளுக்குப் புதுப் பாய் கட்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஜெஃப்ரினா அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறாள். அலுவலகத்தில் ஸ்டெனோ வரைக்கும் பார்த்துவிட்டாள். “மேடம், பின்னால வர்றது நீங்கதானே?” என்று கேட்டாள்.

பிப்ரவரி 8, சனி

இன்று நீச்சல் தேர்வு. ரேஸில் பங்குபெற ஐம்பது மீட்டர் நீந்த வேண்டும். இரண்டு மூங்கில் நட்டு, இந்த மூங்கிலிலிருந்து அந்த மூங்கிலுக்கு, கால் தரையில் படாமல். இது கிளப் விதி. படகு கவிழ்ந்தால் உயிர் பிழைக்க வேண்டுமே. தவறினால் இரண்டு வாரம் கழித்து ஒரு முறை திரும்ப நீந்தலாம்.

கேப்டன் பேத்தி ஞானஸ்நானத்துக்கு நாகர்கோவில் போயிருந்தார். அதனால் நான் மட்டும் பார்த்தேன். பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் தேறினார்கள். நான்கு பேர் பாதியில் நின்று, இது நமக்கு ஆகாது என்று சிரித்துக்கொண்டே கரையேறிவிட்டார்கள்.

கனி கடைசி. அவள் முறை வந்தபோது மற்றவர்கள் உடை மாற்றப் போயிருந்தார்கள். நான்கு வாரத்தில் என்னிடம் கற்ற நீச்சல். கை போடுவது அழகாக இல்லை. ஆனாலும் போய்க்கொண்டே இருந்தாள். மறு மூங்கிலைத் தொட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசிப் பத்து மீட்டரில் கால் தரையில் பட்டது. நான் பார்த்தேன். சொன்னேன்.

அவள் சிரிப்பு நின்றது. “பட்டுச்சாக்கா? எனக்குத் தெரியலையே.”

“பட்டுது கனி.”

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். “நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும். எனக்குத்தான் தெரியல.”

பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அடுப்பைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். திரைச்சீலை துவைத்தேன். ஃப்ரிட்ஜில் ஐஸ் உடைத்தேன்.

விதி என்றால் எல்லோருக்கும் விதிதான்.

பிப்ரவரி 12, புதன்

ரோமால்ட் வேலை முடிந்து விடியற்காலையில் வந்தவர் சொன்னார்: “உங்க ஆட்டோக்காரப் பிள்ளை துறையில தனியா நீந்திட்டு இருக்கு. அண்ணிக்காரி போல, ஒருத்தி இடுப்புல கயித்தக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கா. இந்தக் குளிர்ல என்ன வெறி!”

நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். சட்னிக்குத் தேங்காய் துருவச் சொன்னேன் அவரிடம்.

பிப்ரவரி 15, சனி

தேர்வில் தவறியவர் படகில் ஏறக்கூடாது. கனி படகுத்துறையில் நின்று மற்றவர்களுக்குக் கயிறு பிடித்துக்கொடுத்தாள். பயிற்சி ரேஸில் நான் முதலாவது வந்தேன். காற்று நன்றாக இருந்தது. எல்லாம் பழையபடி இருந்தது.

கரையில் கொர்னேலியஸ் நின்றிருந்தார். கிளப்பின் மூத்த உறுப்பினர். நான் சேர்ந்த அன்று என் விண்ணப்பத்தைக் கிழிக்கச் சொன்னவர். இன்று முதல்முறையாக என்னைப் பார்த்துத் தலையாட்டினார். “நல்லா செஞ்ச அமலி. ஆட்டோக்காரிக்கெல்லாம் எதுக்குப் பாயி? நான் அப்பவே சொன்னேன்.”

என் படகைக் கழுவினேன். கழுவியதையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன் என்று பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 19, புதன்

மாலை அலுவலகத்தை விட்டு இறங்கினால் வாசலில் கனியின் ஆட்டோ. கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள், இடது குதிகாலில் துணிக்கட்டு.

“என்ன ஆச்சு?”

“சிப்பி கிழிச்சிட்டுக்கா. ஒண்ணுமில்ல. ஒரு சந்தேகம் கேக்கணும்னு வந்தேன்.” குரலைத் தாழ்த்தினாள். “தினமும் காலைல நீந்துதேன். நடுவுல வேணும்னே காலைத் தரையில ஊன்றிப் பாக்கேன். பட்டா எப்படி இருக்கும்னு காலுக்குப் பழக்கணும்லா. அப்படி ஊன்றுனப்பதான் கிழிச்சிட்டு. படும்போது நல்லாத் தெரியுதுக்கா. மண்ணு நறநறன்னு இருக்கு. அன்னைக்கு எனக்கு அப்படித் தெரியவே இல்லை. ஏன் தெரியாமப் போச்சு?”

“பதற்றத்துல தெரிஞ்சிருக்காது.”

“அப்படித்தான் இருக்கும்” என்றாள். என்னை வீட்டில் விடுகிறேன் என்றாள். கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கடையில் வாங்க ஒன்றும் இல்லை. ஒரு சோப்பு வாங்கினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பட்டது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 22, சனி

மறு தேர்வு. இன்று கேப்டனே வந்து நின்றார். மற்ற பெண்களும் வரிசையாக நின்றார்கள். கனி குதிகால் கட்டோடு இறங்கினாள்.

முதல் முப்பது மீட்டர் போன தடவையைவிட நன்றாக நீந்தினாள். நாற்பதாவது மீட்டரில் திடீரென்று கையை உதறி, பக்கத்திலிருந்த மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

“என்னம்மா ஆச்சு?” என்றார் கேப்டன்.

“கால் பட்டுட்டு சார்.”

“எங்க படும்? நேத்துப் பெரிய அலை மண்ணை அள்ளிட்டுப் போயிட்டு. அந்த இடத்துல தண்ணி உன் தலைக்கு மேல நிக்கி!”

“இல்ல சார். பட்ட மாதிரி இருந்துச்சு.” அவள் என்னைப் பார்த்தாள். “பட்டுச்சுல்லாக்கா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தெரியவில்லை என்றேன்.

கயிற்றைப் பிடித்ததால் தேர்வில் தவறியதாகத்தான் கணக்கு. கனி ஈரத்தோடு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டாள். “எனக்கு இது சரிப்படாது சார். சவாரியும் கெடுது” என்றாள். அவள் ஆட்டோவில் வருகிற நான்கு பிள்ளைகளும் முகம் தொங்கிப் போனார்கள். அவள் வராவிட்டால் அவர்களுக்கு வரவழி இல்லை. அப்படியானால் ரேஸுக்குப் பத்துப் பேர் சேரமாட்டார்கள், ரேஸ் இல்லை.

கொர்னேலியஸ் ஒரு நாற்காலியை வெயிலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பூசைக்கு முன்னால், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு பேர் ஆனார்கள். ஒருவர் ஆனார். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டேன். சாமியார் மன்னித்துவிடுவார். அதனால்தான் வந்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். கனியின் கால் தரையில் படவில்லை. எட்டாம் தேதி அவள் ஐம்பது மீட்டரையும் நீந்தினாள். தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் பாதங்கள் இரண்டும் மேலே உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மூங்கிலைத் தொட்டுச் சிரித்தபோது, மஞ்சள் பாயைக் காட்டி ரோமால்ட் முன்பு கேட்டது மறுபடி காதில் ஒலித்தது. வாயிலிருந்து அந்த வார்த்தை வந்துவிட்டது. வந்துவிட்டது என்று எழுதுவதும் பொய். சொன்னேன்.

பிப்ரவரி 24, திங்கள்

காலை ஸ்டாண்டுக்குப் போய் கனியின் ஆட்டோவில் ஏறினேன். அலுவலகம் என்றேன். கடற்கரைச் சாலை திரும்பியதும் நிறுத்தச் சொன்னேன். ஓரம் கட்டி, திரும்பிப் பார்த்தாள்.

“கனி, எட்டாந்தேதி உன் கால் படல.”

“என்னக்கா?”

“தரையில படல. நீ முழுசா நீந்தின. நான் பொய் சொன்னேன்.”

அவளுக்கு உடனே புரியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி அணைத்தாள்.

“ஏன்க்கா?”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில் ஒன்று இருந்தது. விதி, பாதுகாப்பு, சரியாகத் தெரியவில்லை என்று. அதைச் சொல்ல வாய் வரவில்லை.

“பொறாமை” என்றேன்.

“யார் மேல?”

“உன் மேலதான்.”

அவள் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை. வேடிக்கையான ஒன்றைக் கேட்டதுபோல. “எம்மேலயா? எம்மேல பொறாமப்பட என்னக்கா இருக்கு? ஆபீஸ் உத்தியோகம், சொந்த வீடு, சுவத்துல உங்க படம். நான் வாடகை ஆட்டோ ஓட்டுதேன்.”

“நீ பாய் பிடிக்கிறது எனக்கு வராது.”

சிரிப்பு அடங்கியது. முன்பக்கம் திரும்பி, இரண்டு கையையும் ஹேண்டில்பாரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மீன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

“பதினாலு நாளுக்கா” என்றாள், திரும்பாமலே. “விடியக்காலையில அந்தத் தண்ணிக்குள்ள கிடந்தேன். நீங்க பெயிலாக்குனது கூடப் பெருசில்ல. எத்தனையோ பேரு எத்தனையோ தடவை போடின்னு சொல்லியிருக்காங்க. ஆனா என் கால் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாதுன்னு நினைக்க வச்சிட்டீங்களே. அன்னைக்கு ஆழத்துல வச்சு கால் பட்டுட்டுன்னு சொன்னேன் பாருங்க. எல்லாரும் பைத்தியத்தைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. நீங்களும்தான் பாத்தீங்க.”

“கனி…”

“இறங்குங்க.”

இறங்கினேன். அவள் போய்விட்டாள். அங்கிருந்து அலுவலகம் மூன்று கிலோமீட்டர். நடந்து போனேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

கேப்டனிடம் சொன்னேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“இது இந்த அறையோட இருக்கட்டும். நானே அவளுக்கு இன்னொரு தடவை வைக்கேன். வெளிய தெரிஞ்சா கொர்னேலியஸ் கூட்டம் சும்மா விடுவாங்களா? பொம்பளைங்களைக் கூட்டினா இதுதான் நடக்கும்னு அடுத்த கூட்டத்துலயே தீர்மானம் போட்ருவாங்க. பன்னெண்டு வருஷமா நீ பட்டதெல்லாம் வீணாப் போயிரும்.”

அவர் சொன்னது நியாயமாகத் தோன்றியது. எனக்கு வசதியாகவும் இருந்தது. அதனால்தான் பயந்தேன்.

“அவ பெயிலானது எல்லாருக்கும் தெரியும் சார். ஏன்னும் எல்லாருக்கும் தெரியணும்” என்றேன். பதிவேட்டை எடுத்து, எட்டாம் தேதி வரியைக் குறுக்கே அடித்து, “பொய். எழுதியவள் நான்” என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிப்ரவரி 26, புதன்

ரோமால்டிடமும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். மஞ்சள் பாயைப் பற்றி அவர் கேட்டதையும் சொன்னேன். “அது நான் சும்மா கேட்டதுட்டி” என்றார். எனக்கும் தெரியும், சும்மா கேட்டதுதான்.

மார்ச் 1, சனி

எல்லோரையும் படகுத்துறையில் கூட்டினார் கேப்டன். கனியை அவரே போய் அழைத்து வந்திருந்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். நான்கு வாக்கியம்தான். ஜெஃப்ரினா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொர்னேலியஸ்தான் முதலில் பேசினார். “நாலு பொம்பளை சேர்ந்தா இப்படித்தான். இதுக்குத்தான் அன்னைக்கே வேண்டாம்னேன்.”

டாக்டர் ரிஸ்வானா திரும்பினார். “போன வருஷம் ஆம்பளைங்க ரேஸ்ல நீங்களும் உங்க மச்சானும் துடுப்பெடுத்து அடிச்சிக்கிட்டீங்க. உங்க பல்லை நான்தான் கட்டினேன். அதுக்காக யாரும் கிளப்பை மூடலையே?”

கேப்டன்கூடச் சிரித்துவிட்டார். கொர்னேலியஸ் நாற்காலியை எடுத்துக்கொண்டு நிழலுக்குப் போனார்.

“சண்முகக்கனி எட்டாந்தேதியே தேர்ச்சின்னு எழுதிருதேன்” என்றார் கேப்டன்.

“வேண்டாம் சார்” என்றாள் கனி. “அடிச்சுத் திருத்தின பாஸு எனக்கு வேண்டாம். இப்ப நீந்துதேன். எல்லாரும் பாருங்க.”

நீந்தினாள். பெண்கள் எல்லோரும் படகுத்துறையில் அவள் கூடவே நடந்தார்கள், அவள் கால்களைப் பார்த்தபடி. நாற்பதாவது மீட்டரில் ஒரு கணம் தடுமாறினாள். “படல கனியக்கா, படல!” என்று ஜெஃப்ரினா கத்தினாள். மறு மூங்கிலைத் தொட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை. மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பயிற்சிப் பொறுப்பு இனி ரிஸ்வானாவுக்கு. நான் ரேஸில் இல்லை. முடிவுக்கோட்டில் நின்று எந்தப் படகு முந்தியது என்று பார்த்துச் சொல்லும் வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. கேப்டன் காவல் படகில் இருந்தாக வேண்டும், கொர்னேலியஸ் கூட்டம் அன்று வரமாட்டோம் என்றுவிட்டது. நான் நிற்க யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார் கேப்டன். எல்லோரும் கனியைப் பார்த்தார்கள்.

தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: “நிக்கட்டும். இந்தத் தடவை நாம எல்லாரும் பாத்துட்டுத்தான இருப்போம்.”

மார்ச் 5, புதன்

விபூதிப் புதன், தவக்காலத் தொடக்கம். நெற்றியில் சாம்பலோடு அலுவலகம் போனேன். மீன் இல்லை. கத்தரிக்காய்.

மார்ச் 8, சனி

காலையிலேயே துறையில் கூட்டம். மகளிர் குழுப் பெண்கள், கல்லூரிப் பிள்ளைகள், கனியின் தெருவிலிருந்து மூன்று ஆட்டோ நிறைய ஆட்கள். ஐந்து படகு, பத்துப் பெண்கள். கனி சுக்கான் பிடித்தாள், ஜெஃப்ரினா முன்பாய். ரிஸ்வானாவின் படகில் முன்பாய்க்கு அந்த வங்கிப் பெண்.

படகுத்துறைக் கம்பத்துக்கும் எதிரே மிதக்கும் ஆரஞ்சு மிதவைக்கும் நடுவே இருப்பதுதான் முடிவுக்கோடு. கம்பத்தோடு கண்ணை ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். முதல் படகின் மூக்கு கோட்டைத் தொட்ட நொடியில் ஹாரனை அழுத்த வேண்டும். அந்த இடத்தில் ஒருவர்தான் நிற்க முடியும். நான் நின்றேன்.

கிழக்கிலிருந்து கொண்டல் காற்று நன்றாக வீசியது. தொடக்கத்திலிருந்தே கனி முன்னால். தூர மிதவையைச் சுற்றும்போது இருபது படகு நீளம் முந்தியிருந்தாள். கரையில் “கனி! கனி!” என்று ஒரே கூச்சல். கரையை நெருங்கும்போது காற்று செத்தது. அவள் பாய் தொங்கியது. ரிஸ்வானா வெளியே அகலமாகச் சுற்றி வந்தவர், அங்கே மிச்சமிருந்த காற்றைப் பிடித்துவிட்டார். கடைசி ஐம்பது மீட்டரில் இரண்டு படகும் பக்கத்தில் பக்கத்தில்.

கம்பத்தோடு கண்ணை ஒட்டினேன். கூச்சல் காதில் விழவில்லை. இரண்டு மூக்குகள். ஒன்று கோட்டைத் தொட்டது. அழுத்தினேன். அடுத்த மூச்சில் மற்றது. மறுபடி அழுத்தினேன்.

கூட்டம் கனி பேரைச் சொல்லிக் குதித்தது. பக்கவாட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அவள் முந்தியதுபோலத்தான் தெரிந்திருக்கும். கேப்டன் காவல் படகில் வந்து கேட்டார்: “யாரு அமலி?”

“டாக்டர் படகு. ஒரு முழம் முந்தி.”

கூச்சல் அறுந்தது. பிறகு கனியின் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் கத்தினாள்: “இவ சொல்லுறதையா நம்புதீங்க? பொய் சொன்னவதான இவ!” வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ரிஸ்வானாவே, “நான் சரியாப் பாக்கல” என்றார். ஒரு பிள்ளை வீடியோவைக் காட்டியது. கோணல் பார்வை, ஒன்றும் தெரியவில்லை. கேப்டன் என்னையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கனி என்று சொல்லிவிட்டால் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும் ஒரு மன்னிப்பு கிடைத்துவிடும். அந்த எண்ணம் வந்து போனது.

கனி படகை ஓரத்தில் கட்டிவிட்டு மேலே ஏறினாள். உடம்பெல்லாம் உப்பு நீர். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

“என்ன பாத்தீங்க?”

“டாக்டர் மூக்குதான் முதல்ல தொட்டுது. ஒரு முழம்.”

என் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“நான் சுக்கான்ல இருந்து பாத்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. டாக்டரம்மாதான் முதல்ல.”

ரிஸ்வானா ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். ஏப்ரலில் மெட்ராசுக்கு ரிஸ்வானா ஜோடி போகிறது. கனி தன் படகின் பாயைச் சுருட்டப் போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று வரிசையில் கடைசிவரை நின்றேன். சாமியாரிடம் சொன்னேன். நேற்று நடந்ததையும் சொன்னேன். உண்மையைச் சொன்னதில் என்னம்மா பாவம் என்று கேட்டார்.

ரிஸ்வானாவின் மூக்கு முந்தியதைக் கண்டு ஹாரனை அழுத்திய நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது சாமி என்றேன்.

மார்ச் 15, சனி

கனியின் ஆட்டோவில் புதிதாக ஆறு பெண்கள் வந்தார்கள். உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள். வெயிலில் கறுத்த கைகள், உப்பு அரித்த பாதங்கள். படகுத்துறையில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

கனி என்னிடம் வந்தாள். ரேஸுக்குப் பிறகு அவளாக என்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை.

“இவங்களுக்கு நீச்சல் தெரியாது. நீங்க சொல்லிக் குடுக்கிறது நல்லா இருக்கும்னு டாக்டரம்மா சொல்லுதாங்க. எனக்கும் நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க.”

“உனக்குச் சம்மதமா?”

“சொல்லிக் குடுங்க. நான் பக்கத்துல நிப்பேன்.”

உடை மாற்றிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். கனி சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, நான்கு அடி தள்ளி வந்து நின்றாள். முதல் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கால்களைத் தரையிலிருந்து எடுத்தாள்.

“தூக்கிட்டேனாக்கா?” என்று கேட்டாள்.

குனிந்து பார்த்தேன். கனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூக்கிட்ட” என்றேன்.